சில்லுக் கதிரை வாங்கிய மூத்த மருமகன்

என்னைப் போன்ற மடையர்களை இனம்காண ஒரு சுலபமான வழி இருக்கிறது. வேலை தெரிந்தவன் வேலையைத் தொடங்குவான். தெரியாதவன் அந்த வேலைக்கு வேண்டிய சாமான்களை வாங்கத் தொடங்குவான். நான் வாங்கியது ஒரேயொரு கதிரை. அடியில் உருள்வதற்கு ஐந்து சில்லுப் பூட்டியது. மெக்கானிக்குகள் அதில் இருந்தபடியே கராஜுக்குள் உருண்டு உருண்டு கார் திருத்துவார்களாம். (எந்த ஊர் மெக்கானிக்குகள் என்று அப்போது நான் கேட்கவில்லை.) அந்தக் கதிரையால் என் மைத்துனி தர்ஷினியின் கல்யாணத்தைக் குழப்பப் பார்த்தேன். ஆறு வருடம் கழித்தும் எனக்கு அதற்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை, கிடைத்தது வேறொன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஊர் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடி. கல்யாணம் கட்டிக் கல்லடிக்கு வந்தவன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை என்பவன் ஒரு சூட்கேசோடு வந்து ஏறுகிறவன். நான் வந்து ஏறிய வீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியையான மாமி, என் மனைவி ரேணுகா, அவளுடைய தங்கச்சி தர்ஷினி. மாமா காலமாகிவிட்டதால் வீட்டில் நான் ஒருவன்தான் ஆண். இதை அடிக்கடி நான்தான் எல்லோருக்கும் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சொந்தக்காரி இருந்தாள். எனக்கென்று இருந்தது கராஜ் மட்டும்தான். கராஜ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான்கு தூண், மேலே தகரம், அதற்குக் கீழே மூன்று பேரிடம் கைமாறி வந்த என்னுடைய ஜப்பான் கார். அலுவலகத்தில் நான் ஒரு எழுதுவினைஞன். ஃபைல் கோவைகளைத் தவிர வேறெதையும் திறந்து பார்த்தவன் அல்ல. ஆனால் ஒரு விடுமுறை நாளில் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கராஜில் கார் திருத்தும் வீடியோவைப் பார்த்தேன். மனிதர் சில்லுக் கதிரையில் இருந்துகொண்டு காலால் ஓர் உந்து உந்தினார். முன் சில்லிலிருந்து பின் சில்லுக்கு வழுக்கிக்கொண்டு போனார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கு இல்லாதது அறிவு என்று அப்போது தோன்றவில்லை. கதிரை என்றுதான் தோன்றியது.

அடுத்த இரண்டு மாதமும் நான் அந்தக் கதிரையைத் தெரிவு செய்தேன். குறிப்பெழுத ஒரு கொப்பி போட்டேன். நான்கு சில்லா, ஐந்து சில்லா? ரப்பர் சில்லா, பிளாஸ்டிக் சில்லா? இருக்கை வட்டமா, குதிரைச் சேணம் மாதிரியா? அடியில் சாமான்கள் வைக்கத் தட்டு வேண்டுமா? (என்னிடம் அப்போது இருந்தது ஒரு ஸ்பெனர், ஒரு திருப்புளி.) ரேணுகாவின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டுபோய் அலுவலகத்தில் முழங்காலிலிருந்து குதிவரை என்னை நானே அளந்தேன். இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவர், இந்தக் கதிரை வந்த பிறகு தன் வாழ்க்கையே மாறிவிட்டது என்று எழுதியிருந்தார். அதை நான் இரண்டு தரம் வாசித்தேன். ஒரு கதிரையால் மாறிவிடுகிற வாழ்க்கை அதற்கு முன்னர் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை.

என் காரை வழக்கமாகத் திருத்துகிற மெக்கானிக்கிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளியின் மேல் இருந்து ஒரு முழு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“சில்லுக் கதிரயா? நல்லம் சேர்,” என்றார். “வாங்கினா ஒருக்காக் கொண்டு வாங்க. பாப்பம்.”

அதில் இருந்த நக்கல் எனக்கு விளங்கவில்லை. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் காத்தான்குடியில் ஒரு கடையில் அதைக் கண்டுபிடித்தேன். கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) பொறுமைசாலி. நான் கொப்பியைத் திறந்து கேள்வி கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“சேர், எங்க வெச்சுப் பாவிக்கப் போறீங்க?”

“கல்லடியில. வீட்டுக் கராஜில.”

“கல்லடியா?” காக்கா தலையைச் சொறிந்தார். “தரை என்ன மாதிரி இரிக்கி?”

“காக்கா, நான் கதிரை வாங்க வந்த. தரை வாங்க வரல்ல.”

என் வாழ்நாளில் நான் பேசிய முட்டாள்தனமான வசனங்களை வரிசைப்படுத்தினால் அதற்கு இரண்டாம் இடம் கிடைக்கும். முதலிடம் பெறுவது அடுத்த வசனம். காக்கா இரண்டு கதிரைகளைக் காட்டினார். ஒன்றில் சில்லுகளைப் பூட்டிவைக்கச் சின்னச் சின்னப் பிரேக் இருந்தது. மற்றதில் இல்லை. “பிரேக் உள்ளதக் கொண்டு போங்க சேர், அதுதான் பாதுகாப்பு,” என்றார். வீடியோவில் வந்த வெள்ளைக்காரரின் கதிரைக்குப் பிரேக் இல்லை.

“பிரேக் எல்லாம் பழகாத ஆக்களுக்கு,” என்றேன்.

சிவப்பு இருக்கை, வெள்ளித் தண்டு, பிரேக் இல்லாத ஐந்து கறுப்புச் சில்லு. ஓட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மூன்று பெண்களையும் கூப்பிட்டுக் கராஜுக்கு முன்னால் நிறுத்தினேன். கதிரையைக் காருக்குப் பக்கத்தில் வைத்து, இருந்து, காலால் ஓர் உந்து உந்தினேன்.

கதிரை அசையவில்லை. இன்னும் பலமாக உந்தினேன். கதிரை முன்னுக்குப் போகாமல் கீழே போனது. ஐந்து சில்லும் மணலுக்குள் புதைந்து, என் முழங்கால் தாடைக்கு வந்தது.

கல்லடி முழுக்க மணல். வீட்டைச் சுற்றிய வளவு மணல், முற்றம் மணல், கராஜும் மணல். அந்த மணலில்தான் நான் நாலு வருடமாகச் செருப்பை உதறிக்கொண்டு நடந்தேன். ஐந்து சில்லா நான்கு சில்லா என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்தவனுக்கு அந்தச் சில்லு எதில் உருளும் என்ற கேள்வி மட்டும் வரவேயில்லை.

“இதென்ன,” என்றாள் ரேணுகா, “நாத்து நட்ட மாதிரி நிக்குது?”

மாமி உள்ளே போனார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். திருத்த முடியாத விடைத்தாளைப் பார்த்த முகம் அவருக்கு.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் கதிரையைத் திருப்பிக் கொடுத்திருப்பான். நான் தரையை மாற்றத் தீர்மானித்தேன்.

அப்போது வளவின் பின்பக்கத்தில் தர்ஷினிக்குச் சீதன வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கூரை போட்டாயிற்று, பூச்சும் முடிந்தது. மிச்சம் வாசற்படியும் சில்லறை வேலைகளும். அதற்கான சீமெந்துப் பைகள் நனையாமல் இருப்பதற்காக என்னுடைய கராஜில்தான் அடுக்கியிருந்தன. என்னுடைய கராஜில் இருப்பதால் அவற்றில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று எப்படியோ நினைத்துவிட்டேன். இப்போதைக்கு எடுப்போம், நாளைக்கு வாங்கி வைத்துவிடலாம் என்பது என் திட்டம். அந்த நாளை வரவேயில்லை.

பெண்கள் மூவரும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன ஒரு நாள் பார்த்து மேசன் தவத்தைப் பிடித்தேன்.

“என்ன சேர்,” என்றார் தவம், “வீட்டுக்குப் படி கட்டக் கிடக்கு. அத விட்டுப்போட்டு இதுக்கா சீமெந்து?”

“இது அவசரம்.”

“செய்வம். றோட்டுப் பக்கமாக் கொஞ்சம் வாட்டம் வெச்சுத் தாறன். இல்லாட்டி மாரித் தண்ணி உள்ளுக்க நிண்டிரும்.”

“கொஞ்சம் கூடவே வைங்க,” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேசனுக்கு முன்னால் ஒன்றும் சொல்லாமல் நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பேன்.

தவம் நல்ல வேலைக்காரர். தரையை மினுக்கி மினுக்கிக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். பின்பக்கத்திலிருந்து, முன்னால் இருக்கிற சின்னத் தெருவான ஒழுங்கைவரை நல்ல சரிவு. வீட்டுக்கு வந்த மாமி தரையைப் பார்த்தார், சீமெந்துப் பைகள் இருந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மிச்சம் கிடந்தது மாமி,” என்றேன்.

“எதில மிச்சம்?” என்றார் மாமி.

அதே வாரம் செய்தி வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் நாங்கள் கேட்டுப் போயிருந்த மாப்பிள்ளை வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளையின் பெயர் சுதன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. வீட்டு உழவு இயந்திரங்களையும் அவனே திருத்துவானாம். தர்ஷினிக்கு அவனை மனதுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் முதலில் சொன்னது அக்காவிடமோ அம்மாவிடமோ அல்ல, என்னிடம்.

“அத்தான், அவங்கட மாமாதான் எல்லாம் முடிவெடுக்கிற. அவரோட நீங்கதான் பேசணும். நல்லாப் பேசுங்க என்ன?”

“நீ ஒண்டுக்கும் யோசிக்காத புள்ள,” என்றேன். அந்தப் பிள்ளையின் வாசற்படியை நான் தின்றுவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தவம் அதற்குள் வேறு இடத்தில் வேலைக்குப் போய்விட்டார். புது வீட்டு வாசலில் இரண்டு கல்லைப் போட்டு, அதன்மேல் பலகை வைத்து, பலகைக்கு மேல் பாய் விரித்தோம். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று.

“வெள்ளச் சேட்டப் போட்டுட்டு விறாந்தையில நில்லுங்க,” என்றாள் ரேணுகா. “வேறொண்டும் செய்ய வேணாம். நிண்டாக் காணும்.”

நிற்கிற வேலையைக்கூட நான் செய்யவில்லை. மாப்பிள்ளை இயந்திரம் தெரிந்தவன், தாய்மாமன் வயல்காரர், இவர்களுக்கு முன்னால் வெள்ளைச் சேர்ட்டோடு நின்றால் எழுதுவினைஞன் மாதிரி இருக்கும் என்று யோசித்தேன். (எழுதுவினைஞன் வேறு எது மாதிரி இருக்க வேண்டும்?) அவர்கள் வந்து இறங்கும்போது நான் வேலையில் இருக்க வேண்டும். கார் பொனட் திறந்திருக்க வேண்டும், கன்னத்தில் ஒரு கோடு கிறீஸ் இருக்க வேண்டும். வான் நின்றதும் கதிரையில் இருந்தபடியே வழுக்கிக்கொண்டு வாசல்வரை போய், எழுந்து, கையைத் துணியில் துடைத்துவிட்டு, “வாங்க வாங்க” என்று சொல்ல வேண்டும். அதற்காக அடித் தட்டில் கடன் வாங்கிய ஸ்பெனர்களை நிரப்பினேன். திருத்துவதற்கு ஏதாவது வேண்டுமே என்று பற்றரிக் கம்பி ஒன்றையும் கழற்றிவிட்டேன். கிறீஸை நானே கண்ணாடி பார்த்துப் பூசிக்கொண்டேன்.

மாலை நான்கு மணிக்கு வான் வந்தது. விறாந்தையில் மாமியும் ரேணுகாவும் நின்றார்கள். முதலில் இறங்கியவர் தாய்மாமன். உயரமான மனிதர், வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம். வயல் வட்டைக்குள் இறங்கி விளைச்சல் பார்க்கிறவரைப் போல எங்கள் வளவை ஒரு சுற்றுப் பார்த்தார்.

நான் காரின் முன்பம்பரில் காலை வைத்து உந்தினேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். கோணலாக்கச் சொன்னவனும் நான்தான். கதிரை புறப்பட்டதும் வீடியோவில் வந்த வேகம் இது இல்லை என்று விளங்கியது. ஸ்பெனர் பாரம் வேறு கீழிருந்து இழுத்தது. காலை ஊன்றினேன், மினுக்கிய தரையில் செருப்பு வழுக்கியது. பிரேக் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சரிவில் இறங்கிக்கொண்டே, சொன்னபடி, “வாங்க வாங்க” என்றேன். அது வரவேற்பு மாதிரிக் கேட்கவில்லை என்று ரேணுகா பிறகு சொன்னாள்.

சீமெந்து முடிகிற இடத்தில் ஒழுங்கை மணல் தொடங்குகிறது. மணலைக் கண்டதும் கதிரை நின்றது. நான் நிற்கவில்லை. பறந்துபோய் இரண்டு கையையும் நீட்டியபடி, முகம் குப்புற, சரியாகத் தாய்மாமனின் காலடியில் விழுந்தேன். எனக்குப் பின்னால் ஸ்பெனர்கள் ஒவ்வொன்றாக விழுந்து ஓய்ந்தன.

தாய்மாமன் குனிந்து என் தலையில் கையை வைத்தார்.

“நல்லா இரிங்க மனே. எழும்புங்க,” என்றார்.

நான் எழும்பினேன். கன்னத்துக் கிறீஸில் மணல் ஒட்டியிருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாமியிடம் கேட்டார், “இவர் ஆரு?”

மாமி உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் அவர் என்னென்ன பதில்களை யோசித்துப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் என்பதும் அதில் ஒன்று.

“மூத்த மருமகன்,” என்றார் கடைசியில்.

சுதன் சிரிக்கவில்லை. ஸ்பெனர்களைப் பொறுக்கினான். காரைப் பார்த்து, “என்ன பிழ அண்ணே?” என்றான். எஞ்சினில் ஒரு சின்னச் சத்தம் என்று ஏதோ உளறினேன். அவன் பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தான். கதிரையைத் தேடவில்லை, எதையும் தேடவில்லை. கம்பியைக் கொழுவி, ஒரு ஸ்பெனரால் இறுக்கி, “இது கழண்டிருக்கு,” என்றான். தானாகக் கழன்றது மாதிரியே சொன்னான். அந்தப் பொடியனின் நல்ல குணம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பிறகு வீடு பார்க்கப் போனார்கள். தாய்மாமன் பலகையில் காலை வைத்தார். பலகை ஆடியது. பாயைத் தூக்கிப் பார்த்தார்.

“படி கட்டல்லயா?”

“சீமெந்து காணாமப் போயிட்டு,” என்றாள் ரேணுகா.

அவர் திரும்பிக் கராஜைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வெயில் விழுந்து தரை பளபளவென்று மின்னியது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன்.

எல்லோரும் மண்டபத்தில் வந்து இருந்தார்கள். தர்ஷினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். தாய்மாமன் கோப்பையைத் தொடவில்லை. அவர் தொடாததால் மற்றவர்களும் தொடவில்லை. பிடிக்காத வீட்டில் வாய் நனைக்கமாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணியில் ஆடை படர்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறைத் திரைக்குக் கீழே தர்ஷினியின் கால் விரல்கள் தெரிந்தன. அவை நிலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. இந்தப் பிள்ளை வேறு எதுவும் கேட்கவில்லை, நல்லாப் பேசுங்க என்று மட்டும்தான் கேட்டது. எழும்பினேன்.

“ஐயா, பிழை முழுக்க என்னுடையது. சீமெந்த எடுத்த நான்தான். இவங்கள்ல ஒரு குறையும் இல்ல. என்ன வெச்சு இந்த வீட்ட எடை போடாதீங்க,” என்றேன். ஆயுளில் முதல் தடவையாக ஒரு வேலையைச் சாமான் ஒன்றும் இல்லாமல் செய்தேன்.

அவர் கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். மாமியின் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. வீடு பாக்க வந்தம், பாத்திட்டம். எங்கட வட்டையில ஒரு அணை உடைஞ்சா ஆரக் கூப்பிடுற எண்டு எல்லாருக்கும் தெரியும். இந்த வீட்டில ஒண்டு உடைஞ்சா ஆரக் கூப்பிடுவீங்க? மூணு பொம்புளைகள் ஒரு ஆம்பிளத் துணை இல்லாம எப்பிடி இரிக்கிற?”

நான் அவருக்கு நேர் எதிரே இருந்தேன்.

“இன்னும் நாலு இடத்தில பொடியனக் கேட்டிருக்காங்க,” என்றார் அவர். “அங்கெல்லாம் ஆக்கள் இரிக்காங்க. இஞ்சதான் கட்டாயம் தேவ. நாங்க தாறம்.” கோப்பையை எடுத்து ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

திரைக்குப் பின்னால் தர்ஷினி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரேணுகா அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து ஒரு சத்தம் கேட்டது, அது நிச்சயமாகச் சிரிப்பு. எனக்கும் உண்மையாகவே சந்தோசம். அந்தளவு சந்தோசமும் அந்தளவு அவமானமும் ஒரே தேத்தண்ணியோடு எனக்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

சுதன் வந்தான். வந்த மாதமே தன் வாசற்படியைத் தானே கட்டினான். கராஜுக்கும் அவன்தான் பொறுப்பு. கதிரையை அவன் ஒரு நாளும் தொட்டதில்லை. குந்தியிருந்தே எல்லா வேலையும் செய்கிறான். என்னிடம் சில்லைக் கழற்றித் தரச் சொல்லி மாமி அதை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். வெங்காயம் உரிக்க நல்ல உயரமாம்.

கல்யாணத்தன்று தாய்மாமன் என் தோளில் கையைப் போட்டுப் பந்தல் முழுக்கக் கூட்டிக்கொண்டு திரிந்தார். தன் சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் என்னை அறிமுகப்படுத்தினார். அதன்பிறகு எந்தக் கல்யாணத்தில், எந்தக் கோயில் திருவிழாவில் என்னைக் கண்டாலும் அதே வசனத்தைத்தான் சொல்கிறார். போன மாதம் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு வங்கி வரிசையில் நின்றபோதும் பக்கத்தில் நின்றவரிடம் சத்தமாகச் சொன்னார்.

“இவர்தான் அந்த வீட்டு மூத்த மருமகன். இவரப் பாத்த பொறகுதான் எங்கட பொடியனக் குடுக்கிறதெண்டு முடிவெடுத்த.”

பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்து, மிகுந்த மரியாதையோடு, விடாமல் குலுக்கினார்.